ஜாதகக் கட்டத்தில் நமக்கே தெரியாத பக்கத்தைத் தேடுவது எப்படி: 4, 8, 12-ஆம் இடங்கள் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்று கேட்கத்தான் பெரும்பாலும் ஜாதகத்தை எடுக்கிறோம். அதே கட்டத்தை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தலாம். நாம் வெளியே காட்டாத, சில நேரம் நமக்கே காட்டிக்கொள்ளாத பக்கத்தைக் கேள்வி கேட்டுக் கிளறலாம்.

இங்கே பலன் சொல்வது கிடையாது. கட்டம் கேள்வியைத் தரும், பதிலை உங்கள் வாழ்க்கையிலிருந்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். கிரகம் மனதை ஆள்கிறது என்பதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் இந்த முறைக்கு அந்த நம்பிக்கை தேவையே இல்லை. தானாக யோசித்தால் போகாத மூலைக்குக் கட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது, அதுதான் இதில் உள்ள பயன்.

இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டு, அதன்பின் மூன்று மாதம் தினமும் இரண்டு நிமிடம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

நூறு பக்க நோட்டு ஒன்று, பேனா. கைப்பேசியில் எழுத வேண்டாம். அதில் பிடிக்காத வரியை அழித்தால் தடமே இருக்காது. நோட்டில் அடித்தாலும் அடித்தது தெரியும், அடித்த வரிதான் பல நேரம் முக்கியமான வரி.

பிறந்த தேதி, நேரம், ஊர். நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்: மருத்துவமனைச் சீட்டா, அம்மாவின் ஞாபகமா, பழைய ஜாதக ஓலையா.

கிரக ஸ்புடம் உள்ள ஜாதகம். ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும் மட்டும் போதாது. ஒவ்வொரு கிரகமும் எத்தனை பாகை, எத்தனை கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை) நிற்கிறது என்ற பட்டியல் வேண்டும். மென்பொருளில் போடுவதானால் லாகிரி அயனாம்சத்தை (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான கணக்கு) தேர்ந்தெடுங்கள்.

ஒரு தினசரி காலண்டர். ஆனால் 8-ஆம் படி முடியும்வரை அதில் ராசிபலனையும் சந்திராஷ்டமத்தையும் பார்க்கக் கூடாது. சமையலறையில் மாட்டியிருந்தால் அந்தப் பகுதியின் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.

2. கட்டத்தைத் திறக்கும் முன் பன்னிரண்டு சம்பவங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர் குறைவு. கட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் எட்டில் சந்திரன் என்று தெரிந்துவிடும். அதன்பின் எந்தச் சம்பவத்தை நினைத்தாலும் அது எட்டில் சந்திரனுக்குத் தக்கபடியே நினைவுக்கு வரும். ஆகவே வாழ்க்கை முதலில், கட்டம் பிறகு.

உங்கள் வாழ்க்கையிலிருந்து பன்னிரண்டு சம்பவங்களை எழுதுங்கள். நான்கு, நீங்கள் அளவுக்கு மீறிக் கோபப்பட்டவை அல்லது அழுதவை. நான்கு, பொய் சொன்னவை அல்லது மறைத்தவை. மீதி நான்கு, காரணமே தெரியாமல் விலகி வந்தவை: ஒரு நட்பு, ஒரு வேலை, பாதியில் விட்ட படிப்பு.

ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும். என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், அப்போது யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது என்ன. வருடமும் முடிந்தால் மாதமும் கட்டாயம் வேண்டும், 7-ஆம் படியில் தேவைப்படும்.

எல்லாச் சம்பவத்திலும் நீங்களே நியாயவானாக இருந்தால் பட்டியல் சரியில்லை என்று பொருள். நீங்கள் தவறு செய்த மூன்றையாவது சேர்த்துத் திரும்ப எழுதுங்கள்.

3. பிறந்த நேரத்தைச் சோதிப்பது

லக்னம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி; அதை ஒன்று என்று வைத்துத்தான் 4, 8, 12-ஆம் இடங்களை எண்ணுகிறோம். அது சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். தமிழ்நாட்டு அட்சரேகையில் மீனமும் மேஷமும் சீக்கிரம் கடக்கும், மிதுனமும் கடகமும் நின்று நிதானமாகக் கடக்கும். லக்னம் மாறினால் 4, 8, 12 மூன்றும் மாறும். தவறான லக்னத்தில் செய்தால் வேறு ஒருவருக்கான கேள்விகளைத்தான் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

லக்ன ஸ்புடத்தைப் பாருங்கள். ஒரு பாகை நகர ஏறத்தாழ நான்கு நிமிடம். லக்னம் 3 பாகைக்குள்ளோ 27 பாகைக்கு மேலோ இருந்தால் பதினைந்து நிமிடப் பிசகு போதும், லக்னம் பக்கத்து ராசிக்குப் போய்விடும். அப்படியானால் இரண்டு லக்னத்துக்கும் 5-ஆம் படியைத் தனித்தனிப் பக்கத்தில் செய்யுங்கள்.

நேர வித்தியாசத்தில் பலர் விழும் பள்ளங்கள் சில உண்டு. இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே இருந்தது. தாத்தா பாட்டி ஜாதகத்தைப் போடும்போது இதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். சிங்கப்பூரில் 1982 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவருக்கு இன்றைய நேரத்தைவிட அரை மணி குறைவு. மென்பொருள் இதையெல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். எந்த நேர வித்தியாசத்தை எடுத்திருக்கிறது என்று அச்சில் பாருங்கள்.

4. கட்டம் சரிதானா என்று ஐந்து நிமிடச் சோதனை

தமிழ் மாதத்தைப் பாருங்கள். சித்திரையில் பிறந்தவருக்கு சூரியன் மேஷம், தையில் பிறந்தவருக்கு மகரம். மாதப் பிறப்பன்று பிறந்திருந்தால் மட்டும் ஒரு நாள் முன்பின்.

சூரியன் நின்ற ராசியிலோ அதற்கு அடுத்த பக்கத்து ராசியிலோ புதன் இருக்க வேண்டும். சுக்கிரன் இரண்டு ராசியைத் தாண்டிப் போகாது. ராகுவும் கேதுவும் நேரெதிர். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எழுதியவர் கட்டம் மாற்றிப் போட்டுவிட்டார்.

கையால் எழுதிய பழைய ஜாதகம் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கப்படி (பழைய சூத்திரங்களின் கணக்கு) இருக்கும், மென்பொருள் திருக்கணிதப்படி (வானில் பார்ப்பதோடு ஒத்துத் திருத்திய கணக்கு) போடும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போன சனி, வாக்கியப்படி 2026-இல்தான் போகிறது. எது சரி என்ற சண்டைக்குள் இறங்க வேண்டாம். ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். லக்னத்தை ஒன்றிலிருந்தும் தசையை (ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒதுக்கிய வாழ்க்கைக் காலம்) இன்னொன்றிலிருந்தும் எடுப்பதுதான் பிசகு.

5. நான்கு, எட்டு, பன்னிரண்டு

நான்காம் இடம் வீடு, தாய், சுகம். கதவைச் சாத்தியபின் நாம் எப்படி இருக்கிறோம் என்பது. எட்டாம் இடம் மறைபொருள், அவமானம், திடீர்த் திருப்பம், அடுத்தவரிடமிருந்து வரும் பணம். பன்னிரண்டாம் இடம் விரயம், படுக்கை, தூக்கம், தனிமை, விட்டுவிடுதல். நமக்குள் ஒளிந்திருப்பதைக் கேட்க இந்த மூன்றும் போதும்.

3, 6-ஐயும் மறைவு ஸ்தானம் என்று நம்மூர் ஜோதிடர்கள் சேர்ப்பார்கள். ஆனால் முயற்சியும் கடனும் எதிரியும் வெளியே தெரியும் விஷயங்கள். முதல் முறை செய்பவர் அவற்றை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். அதில் இந்த வரிசையில் எழுதுங்கள்: அந்த வீடு எந்த ராசி, அங்கே எந்தக் கிரகம் நிற்கிறது, வீட்டு அதிபதி (அந்த ராசிக்குச் சொந்தமான கிரகம்) எங்கே போய் நிற்கிறார், யார் பார்க்கிறார்கள். கிரகம் இல்லாத வீட்டைக் காலி என்று ஒதுக்குவது புதியவர் எல்லோரும் செய்யும் தவறு. ஒன்பது கிரகம், பன்னிரண்டு வீடு; எந்த ஜாதகத்திலும் மூன்று வீடாவது காலியாகத்தான் இருக்கும். காலி வீட்டின் கதை அதன் அதிபதியிடம் இருக்கிறது.

பார்வையில் எல்லாக் கிரகத்துக்கும் ஏழாம் பார்வை உண்டு. அதோடு செவ்வாய்க்கு 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. நின்ற வீட்டை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். அடுத்த வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கி ஒரு வீடு தள்ளிப் போய்விடுவது அடிக்கடி நடக்கும்.

ஒரு கற்பனை ஜாதகத்தைப் பார்ப்போம். தை மாதம் முதல் வாரம், காலை ஒன்பது மணி வாக்கில் பிறப்பு, கும்ப லக்னம். சூரியன் மகரத்தில் 5 பாகை, புதன் அங்கேயே 14 பாகை. சந்திரன் கன்னியில் 18 பாகை, அஸ்தம் மூன்றாம் பாதம். சனி ரிஷபத்தில்.

நான்காம் வீடு ரிஷபம், அங்கே சனி. எட்டு கன்னி, அங்கே சந்திரன். அதன் அதிபதி புதன் பன்னிரண்டில், சூரியனுக்கு 9 பாகை தூரத்தில். 14 பாகைக்குள் இருப்பதால் அஸ்தங்கம், அதாவது சூரிய ஒளியில் மறைந்த நிலை. பன்னிரண்டாம் வீட்டுக்கு அதிபதி சனி, கும்ப லக்னத்துக்கும் அவரே அதிபதி. நான்கில் இருந்து பத்தாம் பார்வையாக லக்னத்தையும் பார்க்கிறார்.

இப்போது இதைப் பலனாக மாற்ற மனம் துடிக்கும். 'எட்டில் சந்திரன், தாய்க்கு ஆகாது' என்று எங்கோ படித்தது ஓடி வரும். அதை நோட்டில் எழுதக் கூடாது. கேள்வியாக மட்டும் எழுத வேண்டும்:

எட்டில் சந்திரன்: எந்தக் கவலையை நான் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை? அது எந்த வருடத்தில் தொடங்கியது?

எட்டாம் அதிபதி புதன் பன்னிரண்டில், சூரியனோடு: சொல்ல நினைத்துச் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை எது, கடைசியாக எப்போது, எந்தப் பெரிய மனிதர் முன்னால்?

நான்கில் சனி, லக்னத்தைப் பார்ப்பது: சிறு வயதில் வீட்டில் எந்தப் பொறுப்பை என் தலையில் ஏற்றிக்கொண்டேன்? இன்றைக்கும் அதைச் சுமந்துகொண்டு யார் முன்னால் நடக்கிறேன்?

கேள்வி அமைக்க ஒரே விதி. பதிலில் ஒரு தேதியோ, ஒரு ஆளோ, ஒரு வாக்கியமோ வர வேண்டும். 'நான் மனதில் வைத்துக்கொள்கிறவனா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அதில் கிடைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு மூன்று கேள்வி, மொத்தம் ஒன்பது. இந்த வீடுகளுக்கு அதற்கு மேல் வேண்டாம், எதற்கும் ஒழுங்காகப் பதில் எழுத மாட்டீர்கள்.

சில லக்னங்களில் இந்தக் கேள்விகள் கூடுதலாகக் குத்தும். மேஷத்துக்குச் செவ்வாயும் துலாத்துக்குச் சுக்கிரனும் 1, 8 இரண்டுக்கும் அதிபதி. கும்பத்துக்குச் சனி 1, 12-க்கு. வெளியே காட்டும் முகமும் ஒளித்து வைத்ததும் ஒரே கிரகத்தின் கையில். இவர்கள் தங்கள் பலம் என்று சொல்லிக்கொள்ளும் குணத்தையே எதிர்த்துக் கேள்வி எழுத வேண்டும்.

6. ராகு, கேது

ராகு நிற்கும் வீட்டில் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. கேது நிற்கும் வீட்டில் கையில் இருந்தும் ஒட்டாது. ராகுவைப் போககாரகன் என்றும் கேதுவை ஞானகாரகன் என்றும் சொல்வதன் நடைமுறைப் பொருள் இவ்வளவுதான்.

ராகுவுக்கு ஒரு கேள்வி: இந்த விஷயத்தில் யாரைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருகிறது? பெயரோடு எழுதுங்கள். கேதுவுக்கு ஒன்று: இதில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொள்கிறேனே, எப்போதிலிருந்து? பெருமையாகச் சொல்லும் துறவில் பாதி, பழைய தோல்விக்குப் போட்ட போர்வையாக இருக்கும்.

இதோடு முதல் அமர்வு முடிகிறது. பதில் எழுதுவதை மறுநாளைக்கு வையுங்கள். இரண்டாம் அமர்வில் ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் என்று அலாரம் வைத்து, பேனாவை எடுக்காமல் எழுதுங்கள். எட்டு நிமிடம் நீளமாகத்தான் தோன்றும். முதல் மூன்று நிமிடம் ஏற்கனவே தெரிந்த பதில் வரும், அது தீர்ந்த பிறகு வருவதற்காகத்தான் மீதி நேரம்.

7. தசையோடு ஒத்துப் பார்ப்பது

இப்போதுதான் பன்னிரண்டு சம்பவங்களைத் திரும்ப எடுக்க வேண்டும். தசை வருடங்கள்: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. கூட்டினால் 120.

ஜனன கால தசை இருப்பை, அதாவது பிறந்தபோது ஓடிய தசையில் மீதியை, ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில் சந்திரன் நின்ற நட்சத்திரம் அஸ்தம்; அதன் அதிபதி சந்திரன், அதனால் முதல் தசை சந்திர தசை. அஸ்தம் கன்னி 10 பாகையில் தொடங்கி 23 பாகை 20 கலையில் முடிகிறது. சந்திரன் 18-இல் நிற்பதால் மீதி 5 பாகை 20 கலை. மொத்தம் 13 பாகை 20 கலையில் இது ஐந்தில் இரண்டு பங்கு. சந்திர தசை பத்து வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, நான்கு வருடம். ஆக நான்கு வயதுவரை சந்திரன், பதினொன்றுவரை செவ்வாய், இருபத்தொன்பதுவரை ராகு, நாற்பத்தைந்துவரை குரு.

கையால் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்த நேரம் ஒன்றே முக்கால் மணி தவறினால் சந்திரன் சுமார் ஒரு பாகை நகரும். சந்திர தசையில் அது ஒன்பது மாதம், சுக்கிர தசையில் ஒன்றரை வருடம். இந்தக் கணக்குத் தெரிந்தவர், 'அந்தத் தேதியில்தான் எல்லாம் மாறியது' என்று துள்ள மாட்டார்.

சம்பவங்களைத் தசைவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு தசைக்குள் ஒரே மாதிரியான மறைப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். தசை இங்கே ஒரு அலமாரித் தட்டு மாதிரிதான். வாழ்க்கையை இருபது வயது, முப்பது வயது என்று வெட்டாமல் வேறு இடத்தில் வெட்டுவதால், இதுவரை பக்கத்தில் வைத்துப் பார்க்காத இரண்டு சம்பவங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்.

8. மூன்று மாதம், தினமும் இரண்டு நிமிடம்

தூங்கப் போகும்முன் தேதி போட்டு இரண்டு வரி. இன்று மனம் எப்படி, பத்துக்கு எத்தனை மதிப்பெண்; இன்று சொல்லாமல் விட்டது என்ன. அவ்வளவுதான். 82 நாள் எழுதினால் சந்திரன் மூன்று முறை பன்னிரண்டு ராசியையும் சுற்றி வந்திருக்கும்.

முடிந்தபின் காலண்டரில் ஒட்டிய தாளை எடுங்கள். ஜன்ம ராசிக்கு (பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி) எட்டில் சந்திரன் வரும் இரண்டேகால் நாள்தான் சந்திராஷ்டமம். கன்னி ராசிக்காரருக்கு அது மேஷத்தில் சந்திரன் இருக்கும் நாட்கள். மூன்று சுற்றில் மொத்தம் ஏழு நாள் வாக்கில் வரும்.

உங்கள் மிக மோசமான பன்னிரண்டு நாட்களை எடுத்து, அதில் எத்தனை சந்திராஷ்டமத்தில் விழுந்தது என்று எண்ணுங்கள். சும்மா விழுந்தாலே பன்னிரண்டில் ஒன்று விழும். ஒன்றோ இரண்டோ விழுந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். முதலிலேயே காலண்டரைப் பார்த்துவிட்டு எழுதினால் அந்த ஏழு நாளும் மோசமாகத்தான் பதிவாகும். பயத்தோடு எழுந்த காலை அப்படித்தான் போகும்.

இந்த நோட்டின் உண்மையான சரக்கு இரண்டாவது வரி. சொல்லாமல் விட்டது என்ன என்று 82 முறை எழுதிய பிறகு, ஒரே ஆளின் பெயர் இருபது இடத்தில் வந்திருப்பது கண்ணில் படும். அதை ஒன்பது கேள்விகளின் பதில்களோடு வைத்துப் பாருங்கள்.

9. மாற்றுச் சோதனை

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்து, அவரவருக்கென எழுதியது என்று சொன்னார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். அந்த வரிகள் எல்லோருக்கும் பொருந்தும் வரிகள்.

உங்கள் நோட்டிலும் அப்படிப்பட்டவை நிச்சயம் இருக்கும். பதில்களிலிருந்து உங்களைப் பற்றிக் கண்டுபிடித்தவை என்று நினைக்கும் பத்து வரியை, பெயர், தேதி இல்லாமல் தனித்தாளில் எழுதுங்கள். நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, 'இதில் உனக்குப் பொருந்துவது எது?' என்று கேளுங்கள். யாருடைய வரிகள் என்று சொல்ல வேண்டாம். அவர் டிக் அடித்ததையெல்லாம் நீக்குங்கள். ஏழெட்டு போய்விடும். மனம் நோக வேண்டாம். மிஞ்சும் இரண்டு மூன்றுக்காகத்தான் மூன்று மாதம்.

10. எங்கே கெடுகிறது

எட்டாம் இடம் என்றதும் ஆயுளைக் கணக்குப் போடத் தொடங்குவது. இந்த நோட்டில் ஆயுள் கணிதத்துக்கு இடமில்லை, மாந்தி என்ற உபகிரகத்துக்கும்கூட. பயம் வந்த கையோடு எழுதும் பதிலில் உண்மை வராது.

நடுவில் பரிகாரம் தேடிப் போவது. கோயிலுக்குப் போகலாம், விளக்கு ஏற்றலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் 'கேதுவுக்குச் செய்தாயிற்று' என்ற நிம்மதியில் கேதுவுக்கான கேள்வி பதிலில்லாமல் நின்றுவிடும்.

நீசம் (கிரகம் பலம் குறையும் ராசி), அஸ்தங்கம், வக்கிரம் (பின்னோக்கிய நகர்வு) என்று பார்த்ததும் தன்னைக் குறைவாக நினைப்பது. 'மறைந்த புதன் நிறைந்த கல்வி' என்று சொல்லி வைத்தவர்களும் நம் ஜோதிடர்கள்தான். இங்கே அவை ஒரு கேள்வியைக் கூர்மையாக்குவதற்கு மட்டும்.

கணவன், மனைவி, மாமியார் ஜாதகத்தை எடுத்து அவர்களுடைய எட்டாம் இடத்தைத் தோண்டுவது. அவர்கள் சம்மதம் இல்லை, அவர்களுடைய பன்னிரண்டு சம்பவங்களும் உங்களிடம் இல்லை. வரப்போவது உங்கள் கோபம்தான், கிரகத்தின் பெயரில்.

ஏதாவது ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுத்து, இரண்டு வாரமாகியும் விடாவிட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ நோட்டை மூடிவிடுங்கள். அது ஜோதிடரிடம் போகும் விஷயம் இல்லை, மனநல மருத்துவரிடம் போக வேண்டியது. இந்தியாவில் 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926.

11. நோட்டை மறுபடி எப்போது திறப்பது

மாதாமாதம் திறக்க வேண்டாம். அடுத்த புக்தி (தசையின் உட்பிரிவு) மாறும் தேதியைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அன்று கட்டத்தைப் பார்க்காமல் அதே ஒன்பது கேள்விக்கும் புதிதாகப் பதில் எழுதுங்கள். பழைய பதில்களை எழுதி முடித்த பிறகுதான் புரட்ட வேண்டும். ஏதாவது ஒரு கேள்விக்கு இந்த முறை எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அதை அடித்துவிட்டு, அதே வீட்டிலிருந்து வேறொரு கேள்வியை எடுங்கள். பார்வையில் விட்டுப்போன கிரகம் ஒன்று எப்போதும் இருக்கும்.